கைச்செலவுக் காசு

சென்ற மாதம் ஒரு மாலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். கையில் ஒரு படிவம். அமெரிக்காவில் கோடைக்காலச் சிறுவர் முகாம் ஒன்றில் கவுன்சிலராகப் பணிபுரிய விண்ணப்பித்திருப்பதாகவும், தன் நன்னடத்தைக்கும் குழந்தைகளோடு பழகும் பாங்குக்கும் இருவர் சான்று தரவேண்டும் என்றும் சொன்னான். ஒருவர் பங்குத்தந்தை, அவர் கையொப்பமிட்டுவிட்டார். மற்றவர் நான். "நீங்களும் போயிருக்கிறீர்களே சார், மறக்கமுடியாத அனுபவம் என்று வகுப்பில் சொல்வீர்களே" என்று நினைவூட்டினான்.

சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை. கால் நூற்றாண்டாக ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஏரியின் அழகைச் சொன்னேன், நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடியதைச் சொன்னேன், ஊர் திரும்பும் நாளில் சிறுவர்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொன்னேன். அவை யாவும் உண்மை. ஆனால் பாதி உண்மை. மறு பாதியைச் சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம் ஒன்றே காரணம். ஏமாந்தவன் தன் ஏமாற்றத்தைப் பெருமையாகவே திரித்துச் சொல்வான் என்பதற்கு நானே சான்று. "நாளை வா" என்று அவனை அனுப்பிவிட்டுப் படிவத்தை மேசைமேல் வைத்தேன். அதில் எழுதவேண்டியதற்கு முன்னால் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

நம் ஊரில் கவுன்சிலர் என்றால் நகராட்சியின் வார்டு உறுப்பினர். அகராதியைப் புரட்டினால் ஆலோசகர் என்றிருக்கும். அங்கே அச்சொல்லுக்கு இவ்விரண்டும் பொருளல்ல. பத்துப் பன்னிரண்டு சிறுவர்களோடு ஒரே மரக்குடிலில் படுத்து, அவர்களை எழுப்பி, பல் துலக்கவைத்து, உணவு மேசையில் அமர்த்தி, ஏரியில் நீந்தும்போது தலைகளை எண்ணி, காட்டுப் பாதையில் நடத்திச் சென்று, மாலையில் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரவில் வீட்டை நினைத்து விசும்புபவனைத் தேற்றி, படுக்கையை நனைத்துவிட்டவனின் விரிப்பை மற்றவர்கள் விழிக்குமுன் ஓசையின்றி மாற்றுகிறாரே, அவரே முகாம் கவுன்சிலர். செவிலித்தாய் என்ற நம் பழஞ்சொல் இப்பணிக்கு ஓரளவு பொருந்தும்.

இம்முகாம்கள் அமெரிக்க வாழ்வின் அழகிய பகுதிகளுள் ஒன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடரிக் வில்லியம் கன் என்பவர் தம் மாணவர்களை நடத்திக்கொண்டுபோய்க் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்கவைத்ததை இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பர். 1877-இல் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற போதகர், நியூயார்க் நகரத்துச் சந்துகளில் வாடிய ஏழைக் குழந்தைகளைத் தம் சபையார் வாழ்ந்த பென்சில்வேனியச் சிற்றூருக்கு வரவழைத்து, நல்ல காற்றும் பாலும் பெறச் செய்தார். 1885-இல் தோன்றிய கேம்ப் டட்லி இன்றும் நடைபெறுகிறது. மின்விசிறியும் திரையும் இல்லாத இடத்தில் ஒரு குழந்தை நட்சத்திரங்களைப் பார்த்துத் தூங்குவதை யார் குறைகூறுவார்? என் வழக்கு முகாமோடு அன்று. அதன் கணக்குப் புத்தகத்தோடு.

வெளிநாட்டு இளைஞர்களை இம்முகாம்களுக்குக் கொண்டுவரும் வழக்கம் 1960-களில் பரவலாயிற்று. 1969-இல் தொடங்கிய கேம்ப் அமெரிக்கா போன்ற நிறுவனங்கள் அதைப் பெரியதோர் ஏற்பாடாக வளர்த்தன. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் கோடைதோறும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வழியே சென்றனர். பிரிட்டன், மெக்சிகோ, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்தே மிகுதி. இந்தியாவிலிருந்து செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக 1994 ஜூனில் நான் சென்றேன்.

பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த காலம் அது. பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில், ஏரிக்கரையில் அமைந்த முகாம். இந்தியன் என்றதும் என் பெயருக்கு நேரே "யோகா" என்று எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு யோகா தெரியாது. கபடி தெரியும் என்றேன். முகாம் இயக்குநர் அன்போடு புன்னகைத்து, "யோகாதான் பெற்றோர்களுக்குத் தெரிந்த சொல்" என்றார். ஆகவே ஒன்பது வாரம், தினமும் காலையில் நாற்பது சிறுவர்களுக்கு மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுத்தேன். இதுவே நான் கண்ட பண்பாட்டுப் பரிமாற்றத்தின் பெரும்பகுதி. எஞ்சியது, ஓர் இரவு வேட்டி கட்டி மேடையேறியது.

என் குடிலில் பன்னிரண்டு சிறுவர்கள். எல்லாருக்கும் ஒன்பது பத்து வயது. என்னோடு அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவரும் கவுன்சிலர். காலை ஏழரைக்கு எக்காளம் ஒலிக்கும். இரவு பத்துக்குக் கடைசி விளக்கு அணையும். இடையே இரண்டு மணிநேரம் ஓய்வு உண்டு என்று தாளில் இருந்தது. வாரம் ஒரு நாள் விடுப்பு. மற்ற இரவுகளில் குடிலிலேயே படுக்கை. படுக்கை என்றேனேயொழிய உறக்கம் என்று சொல்லவில்லை.

ஜூலை நடுவில் ஒரு பிற்பகல். ஏரியில் நீந்துவோரை இருவர் இருவராக இணைத்து விடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதல் ஒலிக்கும். இணையர் கைகோத்து உயர்த்தவேண்டும். கரையிலுள்ள பலகையில் தொங்கும் வில்லைகளோடு தலைகளை ஒப்பிடுவார்கள். அன்று ஒரு வில்லை மிகுந்தது. ஒரு தலை குறைந்தது. வில்லையில் இருந்த பெயர் என் குடிலைச் சேர்ந்தது.

நீண்ட ஊதல் ஒலித்தது. சிறுவர்கள் எல்லாரையும் கரையேற்றினார்கள். கவுன்சிலர்கள் நாங்கள் கைகோத்து வரிசையாக மார்பளவு நீரில் இறங்கி, அடியைக் காலால் துழாவிக்கொண்டே நடந்தோம். அதுதான் முறை. நீருக்குள் எதுவும் தெரியாது. என் காலில் எதுவும் தட்டிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒவ்வோர் அடியும் வைத்தேன். ஒருமுறை வழவழப்பாக ஏதோ தட்டியது, நீர்க்கொடி. இடப்பக்கம் என் கையைப் பற்றியிருந்த போலந்துப் பெண்ணின் நகங்கள் என் உள்ளங்கையில் பதிந்திருந்ததைக் கரையேறிய பிறகே கண்டேன். பதினொரு நிமிடம். பையன் யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குப் போய், அங்கே ஒரு தவளையைக் கண்டு அதனோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அலுவலகத்துக்குப் போய் இருபது டாலர் முன்பணம் கேட்டேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவேண்டும்போல் இருந்தது. எழுத்தர் நல்லவர், உடனே எடுத்து ஒரு சிறு உறையில் போட்டுக் கொடுத்தார். உறைமேல் அச்சிட்டிருந்த சொல் "பாக்கெட் மணி". கைச்செலவுக் காசு. ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றவும் பொரியுருண்டை வாங்கவும் அப்பா மகன் கையில் திணிப்பாரே, அந்தக் காசு.

ஒன்பது வாரத்துக்கு எனக்கு அவ்வகையில் தரப்பட்டது நானூறு டாலர். விமானக் கட்டணத்தை ஏற்பாட்டு நிறுவனம் கொடுத்தது; அதைப் பலமுறை நினைவூட்டவும் செய்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் என்று குறைத்தே வைத்தாலும் ஐம்பத்து நான்கு நாளுக்கு 648 மணிநேரம் ஆகிறது. மணிக்கு அறுபத்திரண்டு சென்ட். அவ்வாண்டு அமெரிக்க மத்தியச் சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4 டாலர் 25 சென்ட். இரவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. என்னோடு அதே குடிலில் அதே வேலை செய்த அமெரிக்க நண்பருக்கு என்னைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கிடைத்தது என்பதைச் சலவைக்கடையில் துணி காயக் காத்திருந்தபோது அவரே சொன்னார். சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டார். அவருடையதும் பெரிய தொகை அன்று.

பெற்றோர் வரும் நாளில் அந்தத் தவளைப் பையனின் தாயார் என்னைத் தேடி வந்து கைகுலுக்கினார். பதினொரு நிமிடக் கதை அவருக்குத் தெரியும். கண் கலங்க நன்றி சொன்னார். பிறகு உண்மையான கனிவோடு, "உங்கள் விடுமுறையை இன்பமாகக் கழிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த விசாவும் அதையே சொன்னது. ஜே-1 என்ற அவ்வகை விசா 1961-ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் வழிவந்தது. செனட்டர் ஃபுல்பிரைட்டின் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் அச்சட்டம் நாடுகளுக்கிடையே புரிந்துணர்வை வளர்க்கும் உயர்ந்த நோக்கமுடையது. மாணவர், அறிஞர், பயிற்சி பெறுவோர், ஆசிரியர், பேராசிரியர், ஆய்வு உதவியாளர், தனித்துறை வல்லுநர், இவர்களை ஒத்தோர் ஆகியோருக்கென்று அந்த விசா வகுக்கப்பட்டது. சிறுவர்களின் ஈரப் படுக்கையை மாற்றுபவர் இப்பட்டியலில் எங்கே வருகிறார்?

இக்கேள்வியை நான் முதலில் கேட்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1990-ஆம் ஆண்டிலேயே கேட்டது. அன்று இத்திட்டத்தை நடத்திவந்த தகவல் முகமையின் செயலை ஆய்ந்து, முகாம் கவுன்சிலர் போன்ற ஏற்பாடுகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை தந்தது. அறிக்கை வெளிவந்து நான்கு ஆண்டு கழித்து நான் போனேன். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் என்னை அனுப்பினார்கள்.

இன்னும் தெளிவான வாக்குமூலம் 2020-இல் வந்தது. பெருந்தொற்றால் அமெரிக்காவில் வேலையிழப்பு பெருகியபோது, ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தொழிற்சந்தைக்கு ஆபத்து விளைவிக்கும் அயல்நாட்டார் உள்ளே வருவதை நிறுத்திவைப்பதே அதன் பொருள். நிறுத்தப்பட்டோர் வரிசையில் முகாம் கவுன்சிலர்கள் பெயரோடு குறிக்கப்பட்டிருந்தார்கள். கவனியுங்கள். கதவை அடைக்கும்போது அவர்கள் தொழிலாளர். அமெரிக்கரின் வேலையைப் பறிப்பவர். கதவைத் திறந்து உள்ளே விட்டு, ஊதியம் என்ற பேச்சு வந்ததும் அவர்கள் விருந்தினர், பண்பாட்டுத் தூதர். வருமான வரித்துறைக்கோ மீண்டும் உழைப்பாளர். அந்நாட்டில் வசிப்பவருக்குக் கிடைக்கும் வழக்கமான வரிக்கழிவு இவர்களுள் பெரும்பாலோருக்கு இல்லை. தனிநபர் விலக்கும் 2018 முதல் நின்றுபோனதால், கைச்செலவுக் காசின் முதல் டாலரிலிருந்தே வரி தொடங்குகிறது. அதே வேளையில் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு இவர்கள் பொருட்டுக் கட்டவேண்டியதில்லை. ஆக, ஒரே மனிதர் ஒரே கோடையில் யாருக்கு எது ஆதாயமோ அந்த வேடம் புனையவேண்டியிருக்கிறது.

இது சட்டமீறல் அன்று என்பதே இதில் மிகக் கொடிய செய்தி. 1938-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் தரச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேர ஊதியமும் உறுதி செய்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட விதிவிலக்கொன்று, ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத முகாம்களை அவ்வுறுதியிலிருந்து விடுவிக்கிறது. நியூயார்க் மாநிலச் சட்டமோ சிறுவர் முகாம் கவுன்சிலர்களைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குரிய தொழிலாளர் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கவுன்சிலருக்கு உடன் பணிபுரியும் அமெரிக்கருக்கு நிகரான ஊதியம் தரவேண்டும் என்று ஜே-1 விதி சொல்கிறது, நல்ல விதி. ஆனால் அமெரிக்கருக்கே கணக்கில்லாத இடத்தில் நிகர் என்பது எதற்கு நிகர்? 

அதே விதி, கவுன்சிலராக வருவோரைச் சமையல், பாத்திரம் கழுவல், துப்புரவு ஆகிய வேலைகளில் அமர்த்தக் கூடாது என்றும் தடுக்கிறது. படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் முகாம்களின் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுபவர்களுள் வெளிநாட்டு மாணவர் பலர் உண்டு. அவர்கள் கவுன்சிலர் பிரிவில் வருவதில்லை. கோடைக்கால வேலையும் பயணமும் என்ற மற்றொரு ஜே-1 பிரிவில் வருகிறார்கள். முன்வாசலில் தடை, பின்வாசலில் வரவேற்பு. அந்தப் பிரிவின் கதையை 2011 ஆகஸ்டில் உலகமே கண்டது: பென்சில்வேனியாவின் பால்மைராவில் சாக்லேட் பொதிகளைக் கட்டி அடுக்கும் வேலையில் அமர்த்தப்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து முழங்கினார்கள். மறு ஆண்டே வெளியுறவுத் துறை அப்பிரிவின் விதிகளைத் திருத்தவேண்டியதாயிற்று. குழந்தை வளர்க்க வீட்டோடு தங்கும் ஓ-பேர் பிரிவினரும் வாளாவிருக்கவில்லை. வாரத்துக்கு 195 டாலர் 75 சென்ட் என்று தங்கள் கூலியை ஏற்பாட்டு நிறுவனங்கள் கூடிப் பேசி முடக்கின என்று அவர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் 6 கோடியே 55 லட்சம் டாலர் இழப்பீட்டோடு சமரசமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊதியச் சட்டம் அவர்களுக்கும் உரியது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 

முகாம் கவுன்சிலர்கள் மட்டும் ஏன் முழங்கவில்லை? ஒன்பது வாரத்தில் கலைந்துபோகும் கூட்டம் அது. சங்கம் வைக்க நேரமில்லை. அதைவிட ஆழமான காரணமும் உண்டு. நாங்கள் அச்சிறுவர்களை நேசித்தோம். சாக்லேட் பொதியை விட்டுவிட்டு வெளிநடப்புச் செய்யலாம். ஏரியில் இருக்கும் பன்னிரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு எப்படி வெளிநடப்புச் செய்வது? கவுன்சிலரின் அன்புதான் இந்த ஏற்பாட்டின் மூலதனம். அதை முதலிட்டவருக்கு வட்டி கூட இல்லை.

அச்சம் என்பதும் ஒன்று. விசா ஏற்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பில் வருகிறது. அந்நிறுவனம் ஒருவரின் திட்டத்தை முடித்துவிட்டால் அந்நாட்டில் பணிபுரிந்து தங்கும் உரிமையும் அத்தோடு முடியும். என் முகாமில், நான்கு குடில்களுக்கு இரவில் ஒரே ஒருவரைக் காவல் வைத்துவிட்டு மற்றவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பது சரியல்ல என்று அதே போலந்துப் பெண் எடுத்துச் சொன்னாள். "பிடிக்கவில்லையென்றால் உன் விமானச் சீட்டு இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது" என்று விடை வந்தது. எங்கள் எல்லாருடைய சீட்டும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதன்பின் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. குழந்தைகளுக்கு நேரக்கூடிய தீங்கை முதலில் காண்பவர் கவுன்சிலர். அவருடைய வாயைக் கட்டிவைப்பது அவருக்கு மட்டும் இழைக்கும் தீமை அன்று. 2008-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பணிபுரியச் செல்வோருக்கு விசா அலுவலகத்தில் இப்போது ஒரு துண்டேடு தருகிறார்கள். உங்கள் கடவுச்சீட்டு உங்களுடையது, நியாயமான ஊதியம் உங்கள் உரிமை, முறையிடுவோரைப் பழிவாங்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்லதே. துண்டேடு சொல்லும் நியாயமான ஊதியத்தை ஊதியச் சட்டம் விலக்கிவைத்திருப்பதையும் அதில் ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நல்லது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். நானே அவற்றை நெடுங்காலம் சொல்லிவந்தவன்.

உணவும் உறைவிடமும் தருகிறோமே என்பார்கள். தினைப்புனம் காக்கிறவனைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, உனக்கு வீடு கொடுத்தோம் என்று கூலியில் பிடிப்பவனை நாம் என்னவென்று அழைப்போம்? கவுன்சிலர் குடிலில் படுப்பது அவருக்கு வீடில்லை என்பதால் அன்று. குழந்தைகளைத் தனியே விடமுடியாது என்பதால். அந்தப் படுக்கையும் பணியிடமே.

தெரிந்துதானே வருகிறார்கள், பலர் மறு ஆண்டும் வருகிறார்களே என்பார்கள். வருகிறார்கள். இருபது வயதில் அமெரிக்காவைக் காணும் ஆசை யாருக்கு இல்லை? மலிவாகக் கொடுக்க ஒருவர் ஒப்பினார் என்பதாலேயே மலிவாக வாங்கியது அறமாகிவிடுமானால், உலகில் எந்தக் கூலிக்குறைப்பும் குற்றமாகாது. இன்னொன்றும் உண்டு. விமானச் சீட்டும் வழிச்செலவும் முன்கூட்டித் திரட்ட முடிந்தவரே இன்று பெரும்பாலும் இவ்வழியில் நுழைகிறார். கைச்செலவை வைத்துக் காலம் தள்ள முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பண்பாட்டுப் பரிமாற்றம் எட்டுவதில்லை.

இவற்றுள் வலிமையான மறுப்பு, ஊதியம் கொடுத்தால் முகாம்கள் மூடப்படும், ஏழைக் குழந்தைகளே துன்புறுவார்கள் என்பது. பார்சன்ஸ் போதகரின் வழிவந்த நியூயார்க் அறநிதியைப்போலக் கட்டணமின்றிக் குழந்தைகளை ஏற்கும் முகாம்கள் உண்டு; திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் நன்கொடையில் நடத்துபவை பல உண்டு. அவற்றின் கையிருப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை நான் அறிவேன். அங்கே ஒருவர் தம் கோடையை உண்மையாகவே தானமாகக் கொடுக்க விரும்பினால், தொண்டு என்று பெயரிட்டு, மனமுவந்து கொடுக்கட்டும். ஆனால் வடகிழக்கு மாநிலங்களில் ஏழு வாரத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கும் முகாம்களும் அதே விதிவிலக்கின் நிழலில்தான் நிற்கின்றன; இலாப நோக்கு உண்டா இல்லையா என்று அந்த விதிவிலக்கு பார்ப்பதில்லை. ஒரு குடிலில் பன்னிரண்டு குழந்தைகள் என்றால் குடிலின் வரவு ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். 2009 ஜூலையிலிருந்து அசையாமல் நிற்கும் மத்தியக் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்ற அளவிலேயே, என்னுடைய 648 மணிநேரத்தை வைத்துக் கணக்கிட்டால், கவுன்சிலர் ஒருவருக்கு 4,698 டாலர், இருவருக்கு 9,396. ஒரே ஒரு குழந்தையின் கட்டணத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. மற்றப் பதினொரு குழந்தைகளின் கட்டணமும் மிச்சம். இவ்வளவும் கொடுத்தால் மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லும் முகாம் எதைக்கொண்டு நடந்துவந்தது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

நான் கேட்பது அதிகமன்று. கட்டணம் வாங்கி இலாபத்துக்கு நடத்தும் முகாம்களுக்கு ஊதிய விலக்கு வேண்டாம். மணிக்கணக்கு எழுதப்படட்டும். ஓரிடத்தில் தவறு கண்டு சொன்னவர் தண்டனையின்றி வேறோர் முகாமுக்கு மாறிக்கொள்ள வழி இருக்கட்டும். இவையெல்லாம் வாஷிங்டனில் முடிவாகவேண்டியவை. இவ்விதழ் அங்கே யார் மேசைக்கும் போகாது என்பதை அறிவேன். ஆனால் ஒன்று இங்கே, நம் கையில் இருக்கிறது. சான்றிதழில் கையொப்பமிடுபவர்கள் நாம். பங்குத்தந்தையரும் ஆசிரியர்களும் கல்லூரி முதல்வர்களும் "இவன் குழந்தைகளை நம்பி ஒப்படைக்கத் தக்கவன்" என்று எழுதித் தருகிறோம். நம் சொல்லை நம்பித்தான் கடலுக்கு அப்பால் ஒரு தாய் தன் பிள்ளையை விடுகிறாள். பிள்ளையைப் பற்றி அவளுக்கு உறுதி தரும் நாம், போகிறவனுக்கு எத்தனை மணிநேரம் வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கியபின் கையொப்பமிட்டால் என்ன? நான் போனபோது எனக்காகக் கையொப்பமிட்ட இருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அமெரிக்கா என்றதும் வாழ்த்து மட்டுமே தோன்றியது.

மறுநாள் மாலை அவன் வந்தான். கையொப்பமிட்டு வைத்திருந்தேன். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏரியை அவனும் பார்க்கட்டும். என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்டான். மழைக்கோட்டு, டார்ச் விளக்கு, தடித்த காலுறை நான்கு சோடி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டு என்றேன்.

"நாட்குறிப்பு எழுதவா சார்?"

"எழுந்த நேரம், படுத்த நேரம், இரவில் எத்தனை முறை எழுப்பினார்கள் என்பதை எழுத."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, படிவத்தோடு இணைத்திருந்த ஒப்பந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். வேலை நேரம் என்ற சொல்லைத் தேடினான் போலும். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. "சார், இங்கே பாக்கெட் மணி என்று மட்டும்தான் போட்டிருக்கிறது" என்றான்.